பத்து மணிக்குள் முடியாத தையல்

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடைக்குப் போய்வருவது என் வேலை. ஆட்டு ரத்தமும் வாங்க வேண்டுமென்றால் ஆத்தா சின்னத் தூக்குவாளி ஒன்றைத் தனியாகக் கொடுத்தனுப்புவார். கடைக்காரர் அறுத்த கையோடு அதில் பிடித்துக் கொடுப்பார். வாங்கும்போது வாளி ஆடினால் உள்ளே தளும்பும். தெருமுனை திரும்பி வீட்டுப் படி ஏறுவதற்குள் தளும்பல் நின்றுவிடும். மூடியைத் திறந்தால் கெட்டித் தயிர் மாதிரி உறைந்து கிடக்கும். ஆத்தா அதைக் கத்தியால் கீறித் துண்டு போட்டு, வேகவைத்து, சின்ன வெங்காயமும் சீரகமும் பச்சை மிளகாயும் போட்டுப் பொரியல் செய்வார். ரத்தம் யாருக்காகவும் காத்திருக்காது என்பது எனக்கு அந்த வாளியால் தெரிந்தது.

அந்த வாளி சமீபத்தில் மறுபடி நினைவுக்கு வந்தது. அக்கா மகன் செல்போனை நீட்டி, "மாமா, இதப் பாருங்க, செம கதை" என்றான். திரையில் சிவப்பு நிறத் தொட்டி, அதில் கழுத்துவரை மூழ்கிய வெள்ளைக்காரப் பெண், கீழே கொட்டை எழுத்தில் ரத்தத்தில் குளித்த ராணி என்று தலைப்பு. பின்னணியில் ஆந்தை அலறுகிறது. கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஹங்கேரியில் எலிசபெத் பாத்தோரி என்றொரு சீமாட்டி இருந்தாள். ஒருநாள் வேலைக்காரப் பெண்ணை அறைந்தபோது அவள் ரத்தம் சீமாட்டியின் கையில் தெறித்தது. துடைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் தோல் இளமையாக மின்னியது. அன்றிலிருந்து கன்னிப் பெண்களைக் கொன்று அவர்கள் ரத்தத்தில் குளித்தாள். மொத்தம் 650 பேர். கடைசியில் கையும் களவுமாகப் பிடித்துக் கோட்டைச் சுவருக்குள் உயிரோடு வைத்துப் பூசினார்கள்.

இந்தக் கதையில் உண்மையானது அந்தப் பெயரும் நாடும்தான். ராணி என்பதுகூடப் பொய். அவர் ராணியாக இருந்ததில்லை, பிரபு குலத்துப் பெண்.

முதலில் தொட்டிக் கணக்கு. நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடலில் மூன்று லிட்டருக்குச் சற்று மேல் ரத்தம் இருக்கும். கணக்குக்கு மூன்று என்றே வைத்துக்கொள்வோம். இடுப்பளவு நனைய உட்கார்ந்து குளிக்கவே நூறு லிட்டர் வேண்டும். ஒரு குளியலுக்கு முப்பத்துமூன்று பெண்கள். கதை சொல்லும் 650 பேரையும் கடைசிச் சொட்டுவரை வடித்தால்கூட, ஆயுள் முழுக்க இருபது குளியல் தேறாது. தீபாவளிக்குத் தீபாவளி எண்ணெய் தேய்த்துக்கொள்கிறவன்கூட இதைவிட அதிகம் குளித்திருப்பான். அதுவும் போக, முப்பத்துமூன்றாவது பெண்ணிடம் கத்தி போவதற்குள் முதல் பெண்ணின் ரத்தம் என்ன ஆகியிருக்கும் என்று என் ஆத்தாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

சரி, இயற்பியல் இடிக்கிறது என்பதால் மட்டும் கதை பொய்யாகிவிடாது. குளிக்க முயன்று தோற்றிருக்கலாமே என்று வாதிடலாம். ஆகவே ஆவணங்களுக்குப் போவோம். இந்த வழக்கில் ஆவணப் பஞ்சம் இல்லை. 1610 மார்ச்சில் ஹங்கேரியின் பாலட்டைன், அதாவது மன்னருக்கு அடுத்த நிலை அதிகாரியான ஜார்ஜ் துர்சோ, விசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டு நோட்டரிகள் ஊர் ஊராகப் போய் வாக்குமூலம் வாங்கினார்கள். அக்டோபருக்குள் 52 சாட்சிகள். கைதுக்குப் பிறகும் விசாரணை தொடர்ந்து, எண்ணிக்கை 300ஐத் தாண்டியது. குடியானவர், பாதிரியார், கோட்டை அலுவலர், சிறு பிரபு என்று எல்லாத் தரப்பும் பேசியிருக்கிறது. அடி, சூடு, ஊசி, பட்டினி, பனிக்காலத்தில் வெற்றுடம்பில் பச்சைத் தண்ணீர் என்று பக்கம் பக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். அத்தனை பேரில் ஒருவர்கூட ரத்தக் குளியலைப் பற்றி வாய் திறக்கவில்லை. எதிரியைப் பற்றி எதையும் சொல்லலாம் என்று அவிழ்த்துவிடப்பட்ட வாய்கள் அவை. சீமாட்டி பூனைகளை ஏவித் தன்னைக் கடிக்கவைத்ததாக உள்ளூர்ப் பாதிரியார் போனிகேனுஸ் கடிதமே எழுதியிருக்கிறார். பூனையைச் சொன்ன ஊர், தொட்டி நிறைய ரத்தத்தைச் சொல்ல மறந்திருக்குமா?

பின்னே எங்கிருந்து வந்தது இது? லாஸ்லோ துரோட்சி என்ற இயேசு சபைத் துறவி 1729இல் எழுதிய நூலிலிருந்து. எலிசபெத் இறந்தது 1614இல். இடையில் 115 வருடம். துரோட்சி எழுதிய காலத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1725இல் செர்பியாவின் கிசிலோவா கிராமத்தில் ஒரு பிணத்தைத் தோண்டி, அது ரத்தம் குடிக்கும் பேய் என்று நெஞ்சில் கழி அடித்தார்கள். ஆஸ்திரிய அதிகாரி அதை அறிக்கையாகவே அனுப்பினார். 1731, 1732இல் இன்னொரு கிராமத்தில் அதேபோல் இன்னொரு கூத்து, அதற்கு ராணுவ மருத்துவர்களின் அறிக்கை. ஐரோப்பா முழுக்க ரத்தக் காட்டேரிப் பேச்சாக இருந்த பத்தாண்டு அது. ரத்தக் குளியல் கதை அச்சேறியது அதன் நட்டநடுவில். போதாததற்கு, எழுதியவர் கத்தோலிக்கத் துறவி, கதாநாயகி புராட்டஸ்டன்ட் சீமாட்டி. ஒரு பெண்ணின் கொடுமைக்குக் காரணம் அவளுடைய கண்ணாடி மோகம் என்று எழுதினால் அதில் ஒரு பிரசங்கமும் அடங்கிவிடும். 1742இல் மாத்தியாஸ் பேல் அதையே தன் பெரிய நூலில் எடுத்துப்போட்டார். வாக்குமூலங்கள் முதன்முதலில் அச்சானது 1817இல்தான். அதற்குள் கதைக்கு எண்பத்தெட்டு வயதாகி, பேரன் பேத்தி எடுத்துவிட்டது. தாமதமாக வந்த உண்மையை யார் படிக்கப்போகிறார்கள்?

உள்ளே ஆணி பதித்த இரும்புப் பெண் பொம்மைக்குள் பெண்களை வைத்து மூடினார் என்ற கிளைக்கதையை ஒரு வரியில் முடித்துவிடலாம். அந்தப் பொம்மையே பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு ஜெர்மானிய எழுத்தாளர் கட்டிவிட்ட சரக்கு. டிராகுலாவுக்கு முன்மாதிரியே எலிசபெத்தான் என்று 1983இல் ஒரு அமெரிக்கப் பேராசிரியர் புத்தகம் போட்டார். பிராம் ஸ்டோக்கர் நாவலுக்காக எடுத்து வைத்த குறிப்புகள் இன்றும் இருக்கின்றன, அவற்றில் இவர் பெயர் இல்லை.

சுவருக்குள் வைத்துப் பூசிய கதை இன்னும் வேடிக்கை. பூசப்பட்டவர் எப்படி உயில் எழுதுவார்? 1614 ஜூலை 31 அன்று எஸ்தர்கோம் தேவாலயத்தைச் சேர்ந்த இரண்டு குருமார் சாக்திட்சே கோட்டைக்கு வந்தார்கள். இன்றைய ஸ்லோவாக்கியாவின் மேற்கில் இருக்கிறது அந்த ஊர். எலிசபெத் தன் சொத்துகளைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 21 இரவு, கை சில்லிட்டுப்போகிறது என்று காவலாளியிடம் சொல்லியிருக்கிறார். ஒன்றுமில்லை, படுத்துக்கொள்ளுங்கள் என்று அவன் சொல்லியிருக்கிறான். படுத்தவர் எழுந்திருக்கவில்லை. துர்சோவின் உறவினர் ஒருவர் எழுதிய கடிதம் சொல்வது இவ்வளவுதான். வீட்டுக்காவலில் இருந்த ஐம்பத்து நான்கு வயதுப் பெண்மணியின் சாதாரணச் சாவு.

650 என்ற எண்ணுக்கு வருகிறேன், ஏனென்றால் இதுதான் எல்லோர் வாயிலும் இருக்கிறது. உலகிலேயே அதிகம் பேரைக் கொன்ற பெண் என்று கின்னஸ் பட்டியலிலும் இவர் பெயர் ஏறியது. இந்த எண் எப்படிப் பிறந்தது தெரியுமா? சூசன்னா என்ற வேலைக்காரப் பெண் விசாரணையில் சொன்னார்: சீமாட்டியின் அந்தரங்கப் புத்தகம் ஒன்றில் இந்த எண்ணிக்கை எழுதியிருந்ததைக் கோட்டை அலுவலர் யாகாப் சில்வாஷி பார்த்தாராம். அந்தப் புத்தகம் இன்றுவரை யார் கண்ணிலும் படவில்லை. சரி, பார்த்தவர் என்ன சொன்னார்? சில்வாஷியும் சாட்சி சொன்னார். தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 650 பேரின் சாவை எழுதிய ஏட்டைக் கண்ணால் கண்ட மனிதர், அதைச் சொல்ல வாகான இடத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டபோது விட்டுவிட்டார் என்று நம்ப வேண்டுமாம். ஒருவர் சொன்னதாக இன்னொருவர் சொன்னது. நம்மூர்ப் பஞ்சாயத்திலேயே இது எடுபடாது. கின்னஸில் எடுபட்டிருக்கிறது.

கூடவே இருந்த வேலையாட்கள் சொன்ன எண்கள் வேறு. ஃபிட்ஸ்கோ என்று அழைக்கப்பட்ட இளைஞர் 37 பெண்கள் என்றார். டோரோட்டியா சென்டெஷ் என்ற மூத்த பணிப்பெண் 36 என்றார். ஐம்பது, அதற்கு மேல் என்றவர்களும் உண்டு. அவருடைய இன்னொரு கோட்டையான ஷார்வாரின் ஆட்கள் சிலர் நூறிலிருந்து இருநூறு பிணம் வெளியே போயிருக்கும் என்றார்கள். கிட்டே இருந்தவர்கள் சொன்ன எண் சிறியது, தள்ளி நின்றவர்கள் சொன்ன எண் பெரியது. எந்த ஊர் வதந்திக்கும் இதுதான் நடை.

இதுவரை படித்தவர்களில் பாதிப்பேர் இப்போது ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள்: அப்படியானால் அந்த அம்மாள் பாவம், அநியாயமாகப் பழி போட்டிருக்கிறார்கள். இங்கேதான் நான் முரண்டுபிடிக்கப் போகிறேன். ரத்தக் குளியல் கதையைவிட இந்த இரண்டாவது கதை இன்றைக்கு வேகமாகப் பரவுகிறது. படித்தவர்கள் நடுவில் இதுதான் இப்போது நாகரிகம். சொத்துள்ள விதவை, பேராசை பிடித்த ஆண்கள், பொய் வழக்கு. 1980களில் லாஸ்லோ நாட்ஜ் என்ற வரலாற்றாய்வாளரும் 1990களில் இர்மா சாதெட்ஸ்கி-கர்தோஷ் என்ற சட்டம் படித்த பெண்மணியும் ஹங்கேரியில் இந்த வாதத்தைக் கட்டி எழுப்பினார்கள். 2008இல் வந்த யுராய் யாகுபிஸ்கோவின் சினிமாவும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

அவர்கள் பக்கம் பலமில்லாமல் இல்லை. எலிசபெத்தின் கணவர் ஃபெரென்ஸ் நாடாஷ்டி துருக்கியரோடு போரிட்டே பேர் வாங்கியவர். 1604 ஜனவரியில் அவர் இறந்தபிறகு பரந்த நிலங்களையும் கோட்டைகளையும் எலிசபெத்தே நிர்வகித்தார். மன்னர் மத்தியாஸ் அந்தக் குடும்பத்துக்குப் பெருங்கடன் பட்டிருந்தார். உறவினர் காபோர் பாத்தோரி டிரான்சில்வேனியாவின் இளவரசர். அவர் மத்தியாஸின் ஹாப்ஸ்பர்க் அரசோடு உரசிக்கொண்டே இருந்தவர், 1610 டிசம்பரில் நாட்ஜ்செபென் நகரைப் பிடித்துக்கொண்டார். அதே மாதக் கடைசியில் இங்கே எலிசபெத் கைது. ஹங்கேரியச் சட்டப்படி ஒரு பிரபுவை, சம்மன் அனுப்பி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லாமல் கைதுசெய்யவே கூடாது. குற்றம் செய்யும்போதே பிடிபட்டால் விதிவிலக்கு. அதனால்தான் கையும் களவுமாகப் பிடித்தேன் என்று துர்சோ சொல்ல வேண்டியிருந்தது. உண்மையில் கோட்டையில்கூட அல்ல, அடிவாரத்திலிருந்த மாளிகை வீட்டில் அவரைப் பிடித்தார்கள். பிடித்தது முதலில், அடிபட்ட பெண்களை ஊராருக்குக் காட்டியது பிறகு. ஜனவரி 2, 7 தேதிகளில் துர்சோவின் இருப்பிடமான பிட்சாவில் விசாரணை. வேலையாட்கள் நால்வரிடமும் ஒரே கேள்விப் பட்டியல். கேட்டதில் சித்திரவதையும் சேர்த்தி. ஏழாம் தேதியே இரண்டு பணிப்பெண்களின் விரல்களைப் பழுக்கக் காய்ச்சிய குறடால் பிடுங்கி, அவர்களை நெருப்பில் போட்டார்கள். ஃபிட்ஸ்கோவின் தலையை வெட்டி உடலை எரித்தார்கள். முக்கியச் சாட்சிகள் மூவரும் ஒரே நாளில் சாம்பல். எலிசபெத்தை நீதிமன்றம் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை, அவர் கேட்டும் கூப்பிடவில்லை.

இதையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் சதிதானே என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. ஆனால் சொத்துக்காகச் சதி என்றால் சொத்து எங்கே போனது என்று கேட்க வேண்டாமா? அந்தக் குடும்பத்திலேயே உண்மையான சொத்துச் சதி எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. காபோரின் தங்கை அன்னா பாத்தோரி மீது, அடுத்து வந்த இளவரசர் காபோர் பெத்லென் சூனியம், முறைகெட்ட உறவு என்று வழக்குப் போட்டார். ஒருமுறை அல்ல, 1614இலிருந்து திரும்பத் திரும்ப. கடைசியில் அன்னாவின் நிலங்கள் பறிபோயின. சொத்து பறிக்கிற வழக்கு அப்படி முடியும். எலிசபெத்தின் சொத்தோ அவருடைய மகன் பாலுக்கும் மகள்களின் குடும்பங்களுக்கும்தான் போனது. மன்னருக்கு ஒரு பிடி நிலம்கூடக் கிடைக்கவில்லை.

இன்னும் ஒன்று. முறைப்படி வழக்கு நடத்தி மரண தண்டனை வாங்கிக்கொடு என்று துர்சோவை நெருக்கியவர் மன்னர் மத்தியாஸ். தீர்ப்பு வந்தால் சொத்துப் பறிமுதலும் கூடவே வரும். அதைத் தடுத்து நிறுத்தியவர் துர்சோ. பழைய குடும்ப நண்பர் அவர். நாடாஷ்டி சாகும்போது தன் மனைவி மக்களைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டது இவரைத்தான். கைதுக்கு முன்பே மகனின் காப்பாளரோடும் மருமகன்களோடும் பேசி வைத்திருந்தார். மருமகன் மிக்லோஷ் ஸ்ரீனி 1611 பிப்ரவரியில் துர்சோவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. மாமியாரைப் பிடித்துப்போட்டவருக்கு மருமகன் நன்றி சொல்கிறார்: இரண்டு கெடுதல்களில் சிறியதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்கிற பொருளில். பொய் வழக்கில் மாட்டிய மாமியாருக்காக எழுதும் கடிதமா இது? நடந்தது என்னவென்று வீட்டாருக்குத் தெரியும், மானம் போகாமல், நிலம் போகாமல் மூடிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. சதி நடந்தது உண்மை, அந்த அம்மாளுக்கு எதிராக அல்ல. அவரைக் காப்பாற்ற.

புகார் எப்போது கிளம்பியது என்பதையும் சதி பேசுகிறவர்கள் அவசரமாகத் தாண்டிப்போகிறார்கள். ஷார்வாரில் நாடாஷ்டி குடும்பத்தின் ஆதரவில் இருந்த லூத்தரன் போதகர் இஷ்ட்வான் மாட்யரி, 1602இலேயே இந்தக் கொடுமையைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார், வியன்னா அரசவைக்கும் புகார் செய்தார். அப்போது கணவர் உயிரோடு இருக்கிறார், எலிசபெத் விதவை அல்ல. துர்சோ பாலட்டைன் ஆனது 1609இல். காபோர் பாத்தோரி டிரான்சில்வேனியாவில் அரியணை ஏறியது 1608இல். சோறு போடும் வீட்டை எதிர்த்து ஒரு போதகர் வாய் திறந்தார் என்றால், எட்டு வருடம் கழித்து வரப்போகும் அரசியலுக்காகவா?

இன்னொரு சமாதானம், அவர் மூலிகை வைத்தியம் தெரிந்தவர், சூடு வைத்ததும் அறுத்ததும் சிகிச்சை, சிகிச்சை பலிக்காமல் செத்தார்கள் என்பது. கொள்ளைநோய்க் காலம், கட்டிக்குச் சூடு போடும் வழக்கம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். விரல் நகத்தடியில் ஊசி ஏற்றுவது எந்த நோய்க்கு மருந்து என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

குளியல் தொட்டிக் கதையும் சதிக் கதையும் ஒன்றுக்கொன்று எதிரி மாதிரித் தெரியும். இரண்டிலும் மேடையில் நிற்பது ஒரே ஆள், சீமாட்டி. முதல் கதையில் பிசாசு, இரண்டாவதில் பலிகடா. செத்த பெண்கள் முதல் கதையில் தொட்டியில் ஊற்றும் திரவம், இரண்டாவதில் அப்படியொருத்தியும் இல்லை. எனக்கு இரண்டின் மேலும் கோபம் வருவது இதனால்தான்.

அந்தப் பெண்களை ஏன் யாரும் தேடவில்லை என்பதற்குப் பதில் 1514இல் இருக்கிறது. அந்த வருடம் ஜியோர்ஜ் டோஷாவின் தலைமையில் குடியானவர்கள் கிளர்ந்தார்கள். அடக்கியபிறகு டோஷாவைச் சுட்ட இரும்பு நாற்காலியில் உட்காரவைத்து, சுட்ட இரும்பு மகுடம் சூட்டிக் கொன்றார்கள். அதே வருடம் வெர்பொட்சி என்பவர் தொகுத்துச் சபையில் வைத்த சட்டநூல், குடியானவர்களை என்றைக்கும் பண்ணையடிமைகள் என்று எழுதிவைத்தது. ஊரைவிட்டுப் போக உரிமை இல்லை. பண்ணையாரே நீதிபதி. தன் வீட்டு வேலைக்காரியை அடித்தார் என்று ஒரு சீமாட்டி மீது புகார் கொடுக்க வேண்டுமென்றால் அந்தச் சீமாட்டியின் மன்றத்துக்கே போக வேண்டும். எலிசபெத் எந்த மறைவிடத்தையும் தேடவில்லை. சாக்திட்சே, ஷார்வார், வியன்னா வீடு என்று போன இடமெல்லாம் நடந்தது. வியன்னாவில் அலறல் பொறுக்காமல் எதிரிலிருந்த மடத்துத் துறவிகள் ஜன்னலில் பானைகளை விட்டெறிந்ததாக ஒரு சாட்சியம். பானையை எறிந்தார்கள். கதவைத் தட்டவில்லை.

பின் 1610இல் மட்டும் ஏன் அரசு கண் விழித்தது? கடைசி ஆண்டுகளில் சிறு பிரபுக்களின் மகள்களும் அவர் மாளிகைக்கு வந்தார்கள், பெரிய வீட்டு நாகரிகம் பழக. அவர்களிலும் சிலர் திரும்பி வரவில்லை. குடியானவன் மகள் செத்தால் அது வீட்டு விவகாரம், பிரபுவின் மகள் செத்தால் கொலை. நோட்டரிகள் குதிரையேறியது அதற்கப்புறம்தான்.

குடியானவப் பெண்கள் எப்படி வந்தார்கள் என்பதை ஃபிட்ஸ்கோ சொல்லியிருக்கிறார். டோரோட்டியாவோடு தான் ஆறு தடவை பெண் தேடிப் போனதாகச் சொன்னார். வியாபாரிக்குக் கட்டிக்கொடுப்போம், நல்ல இடத்தில் வேலைக்குச் சேர்ப்போம் என்று பெற்றவர்களிடம் சொல்வார்களாம். பிள்ளைபிடிக்கிற தரகர் எந்த நாட்டில் எந்தக் காலத்தில் பேசினாலும் பேச்சு மாறுவதே இல்லை. சித்திரவதையில் வந்த வாக்குமூலம், அப்படியே நம்பலாமா என்று நீங்கள் கேட்பது நியாயம். நான் அப்படியே நம்பவில்லை. எண்ணிக்கையை நம்பவில்லை, யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்பதை நம்பவில்லை. ஆனால் சித்திரவதை செய்கிறவன் கேட்க விரும்புவது சூனியம், பிசாசு, விஷம் மாதிரிப் பெரிய பெரிய விஷயங்களை. அவன் கேட்க விரும்பாத, அவனுக்கு ஒரு பயனும் இல்லாத சில்லறை விவரங்களும் இந்த வாக்குமூலங்களில் கிடக்கின்றன. எனக்கு அவைதான் உண்மையின் வாடை அடிப்பவை.

அடித்ததற்குக் காரணம் என்ன என்பதும் அப்படியொரு சில்லறை விவரம்தான். அழகு, இளமை, கண்ணாடி என்று ஒரு சொல் கிடையாது. எல்லாம் வேலை. துணி சரியாக மடிக்கவில்லை, அடுப்பு மூட்டவில்லை, இஸ்திரி போட்டது நன்றாயில்லை. ஃபிட்ஸ்கோவின் வாக்குமூலத்தில் ஒரு இடம். அந்தப் பெண்களுக்குத் தையல் வேலை கொடுப்பார்கள். விளக்கு வெளிச்சத்தில், விரல்கள் வீங்கியிருக்க, உட்கார்ந்து தைக்க வேண்டும். இரவு பத்து மணிக்குள் முடிக்க வேண்டும் என்பது உத்தரவு. பத்து அடித்ததும் யாருடைய மடியில் துணி மிச்சமிருக்கிறது என்று பார்ப்பார்கள்.